கடைசியில் வருபவருக்கும் சாப்பாடு இருக்க வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டு அறநிதி மிதிவண்டிப் பயணத்தை முன்னிட்டு நடைபெற்ற தொண்டர்கள், குடும்பத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் மளிகைச் சாமான் மொத்த வியாபாரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் பட்டயம் படித்தவன். ஒரு மூட்டை எங்கிருந்து புறப்பட்டு எத்தனை மணிக்கு யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டால் சொல்லுவேன். அதனால்தானோ என்னவோ, நம் மிதிவண்டிப் பயணத்தின் ஏற்பாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறேன். சங்கத்தின் பொன்விழா ஆண்டில் நடக்கப்போகும் பயணம் என்பதால், சில விஷயங்களைத் திறந்து பேச வேண்டும் என்று நினைக்கிறேன். அதில் ஒன்று என் தவறு. இன்னொன்று என் குடும்பக் கதை.

முதலில் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரியவர் பின்தங்கிய கதை

நாம் இந்தப் பயணத்தைத் தொடங்கியபோது ஒரே பாதைதான் இருந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் புறப்பட்டு, சாங்கி, பாசிர் ரிஸ், தெம்பனிஸ், பிடோக் நீர்த்தேக்கம் என்று சுற்றி மீண்டும் கடற்கரைக்கு வரும் 42 கிலோமீட்டர்ச் சுற்று. பூங்கா இணைப்புப் பாதைகளைச் சேர்த்து, 2007ஆம் ஆண்டு நம் நாட்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட சுற்றுப்பாதை அது. இளையர் அணி தொடங்கிய நிகழ்ச்சி. இளையர்களுக்குப் பிடித்த பாதை. முன்னால் போனவர்களில் நானும் ஒருவன். அப்போது புது சைக்கிள் வாங்கியிருந்தேன். அது ஓடுகிற ஓட்டத்தை எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, மறைக்க மாட்டேன்.

மூன்றாம் ஆண்டு. அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பெயர் கொடுத்திருந்தார். நம் சங்கத்தில் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர். கூடை வைத்த பழைய சைக்கிளோடு வந்தார். "மாமா, தூரம் அதிகம், பரவாயில்லையா?" என்று கேட்டேன். "போயிடலாம் தம்பி, மெல்ல மெல்ல வாரேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

பாசிர் ரிஸ் தாண்டியபோது அவரைக் காணவில்லை என்பதை யாருமே கவனிக்கவில்லை. பின்னால் வருபவர்களைப் பார்க்க ஓர் ஆள் போடவில்லை. எத்தனை பேர் புறப்பட்டார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள் என்று எண்ணவும் இல்லை. மூட்டைகளை ஏற்றும்போது ஒன்று, இறக்கும்போது ஒன்று என்று இரண்டு முறை எண்ணுகிறவன் நான். மனிதர்களை எண்ண மறந்துவிட்டேன்.

நாங்கள் வந்து சேர்ந்தோம். பதாகை பிடித்துப் படம் எடுத்தோம். பிரியாணி சாப்பிட்டோம். பதாகையைச் சுருட்டி வேனில் ஏற்றிய பிறகு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். சைக்கிளில் ஏறி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். பின்சக்கரம் பஞ்சர். கைப்பேசியில் மின்கலம் தீர்ந்துவிட்டது. ஒரு சந்திப்பில் வழி தவறி, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். சட்டை முழுக்க வியர்வை.

சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். உறவினர்களிடமும் பழைய நண்பர்களிடமும் அவர் திரட்டிய பணம். பிறகு பாத்திரங்கள் இருந்த பக்கம் பார்த்து, "சாப்பாடு முடிஞ்சிடுச்சா தம்பி?" என்று கேட்டார். முடிந்துவிட்டது. "பரவாயில்ல, வீட்ல போயி சாப்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். வேனில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறோம் என்று சொல்லக்கூட எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வெட்கத்தில் வாய் அடைத்துவிட்டது.

வீட்டுக்குப் போய் உறையைப் பிரித்து எண்ணினேன். அந்த ஆண்டு தனி ஒருவர் திரட்டிய தொகையில் அதுதான் அதிகம். அடுத்த ஆண்டு அவர் பெயர் கொடுக்கவில்லை.

அந்த உறையை எனக்கு முன்பே தெரியும்

இப்போது குடும்பக் கதை. இதுவரை எந்த மேடையிலும் நான் இதைச் சொன்னதில்லை.

நான் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. எங்கள் கடை சிறிய கடை. அத்தாதான் கடை, கடைதான் அத்தா. மூன்றே மாதத்தில் மூட வேண்டியதாயிற்று. அம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்றார்கள். நான் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது.

ஒருநாள் இரவு இஷாவுக்குப் பிறகு எங்கள் புளோக்குக்கு ஒருவர் சைக்கிளில் வந்தார். சங்கத்தின் கல்வி உதவி நிதியிலிருந்து ஓர் உறை கொண்டுவந்திருந்தார். அத்தாவின் கட்டில் அருகே உட்கார்ந்து கடையைப் பற்றியும் ஊரைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினார். போகும்போதுதான் உறையை அம்மாவிடம் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "படிப்ப விட்டுடாத தம்பி" என்றார். அவ்வளவுதான். படித்து முடிக்கும்வரை ஒவ்வொரு பருவத்துக்கும் அவர்தான் சைக்கிளில் வந்தார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சந்தா வாங்க வருகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டார்கள். அவர் புளோக் புளோக்காகச் சந்தா வசூலித்தவரும்கூட.

பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டவர் அவர்தான்.

நான் படித்த படிப்பு அவர் கொண்டுவந்த உறையால் வந்தது. அந்தப் படிப்பை வைத்து நான் நடத்திய நிகழ்ச்சியில் அவரை வழியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க வேகமாப் போறதுல தப்பில்ல. எங்கள மாதிரி ஆளுக்கு ஒரு வழி இருந்தா நல்லா இருக்கும். இல்லன்னா இது சின்னப் பசங்க விளையாட்டுன்னு சொல்லிடு, நாங்க வீட்லேர்ந்தே காசு அனுப்பிடுறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் நம்முடைய இன்றைய ஏற்பாடு பிறந்தது.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்

வியாபாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. நமக்குத் தெரியாத சரக்கை வாங்குமுன், அதை நன்றாக விற்கிறவன் எப்படி விற்கிறான் என்று பார்ப்போம். அப்படித் தேடியபோது அமெரிக்காவில் நடக்கும் 'பான் மாஸ் சேலஞ்ச்' என்ற பயணத்தைப் பற்றிப் படித்தேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்கு இழந்த பில்லி ஸ்டார் என்பவர் 1980ஆம் ஆண்டு தொடங்கியது. முதல் ஆண்டில் போனவர்கள் 36 பேர். திரட்டியது 10,200 டாலர். அந்தப் பணத்தை டேனா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குக் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்து நடத்தினார்கள். இன்று ஆயிரக்கணக்கானோர் ஓட்டுகிறார்கள். இதுவரை கொடுத்தது மொத்தம் 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். ஒன்று, அங்கே ஒரே பாதை இல்லை. 25 மைல் ஓட்டுகிறவரும் இருக்கிறார், இரண்டு நாளில் 200 மைலுக்கு மேல் ஓட்டுகிறவரும் இருக்கிறார். யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை. இரண்டு, ஓட்டுநர்கள் திரட்டும் நன்கொடை முழுவதும் மருத்துவ நிலையத்துக்கே போகிறது. ஏற்பாட்டுச் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று டென்மார்க்கில் பார்த்தது. கோபன்ஹேகன் நகரில் 2012ஆம் ஆண்டு ஓலே கசோ என்பவர் ஒரு டிரைஷாவை வாடகைக்கு எடுத்து, முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றத் தொடங்கினார். வயதானவர் முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். இளையவர் பின்னாலிருந்து மிதிப்பார். அந்த முயற்சி இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது, சிங்கப்பூரிலும் இருக்கிறது. இதைப் படித்த அன்று என் அத்தாவை நினைத்துக்கொண்டேன்.

நம்முடைய மூன்று பாதைகள்

இப்போது நம் பயணத்தில் மூன்று பாதைகள் உள்ளன. மூன்றும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் முடிகின்றன.

முதல் பாதை 5 கிலோமீட்டர். கடற்கரையை ஒட்டியே போய்த் திரும்புவது. கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் என்பதால் மேடு பள்ளம் கிடையாது. சாலையைக் கடக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளைகள், இப்போதுதான் ஓட்டக் கற்றவர்கள், மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் பெரியவர்கள், கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிள் வைத்திருப்பவர்கள், டிரைஷாவில் உட்கார்ந்து வருபவர்கள் எல்லாரும் இதில்தான். சக்கர நாற்காலியில் வருபவரும் வரலாம். கூட நடக்க நாம் இருக்கிறோம்.

இரண்டாவது, கிழக்கே போய் அதே வழியில் திரும்பும் சுமார் 15 கிலோமீட்டர்ப் பாதை. வாரத்தில் ஒருநாளாவது சைக்கிள் ஓட்டுபவர் யாரும் இதை முடித்துவிடலாம். பிள்ளைகளோடு வரும் பெற்றோர்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

மூன்றாவது, பழைய 42 கிலோமீட்டர்ச் சுற்று. இதில் சாலைகளைக் கடக்கும் இடங்கள் உண்டு. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெற்றோர் ஒருவர் கூட வந்தால்தான் இதில் சேரலாம்.

கண்பார்வை இல்லாத ஒரு சகோதரர் இரண்டு ஆண்டுகளாக இரட்டை இருக்கை சைக்கிளில் நடுப்பாதையை முடிக்கிறார். அவருக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்ட விரும்பும் இளையர்கள் கவனிக்க வேண்டும்: வாய் ஓயக்கூடாது. "வலது பக்கம் திரும்புறோம்", "மேடு வருது", "நிறுத்தப்போறேன்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர் சொன்னார்: "முதல் வருஷம் ஓட்டின தம்பி நல்லா ஓட்டினான், ஆனா பேசவே இல்ல. உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன்." சிரிக்காதீர்கள், அந்தத் தம்பி இங்கேதான் இருக்கிறான். இந்த ஆண்டு பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.

ஒவ்வொரு பாதையிலும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவரை நாங்கள் 'கடைக்காவலர்' என்கிறோம். அவரை முந்திக்கொண்டு யாரும் பின்தங்க முடியாது. அதாவது, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, தண்ணீர், வேன் ஓட்டுநரின் தொலைபேசி எண் எல்லாம் அவரிடம் இருக்கும். புறப்படும்போது எண்ணுகிறோம், திரும்பும் இடத்தில் எண்ணுகிறோம், வந்து சேரும்போதும் எண்ணுகிறோம். கடைக்காவலர் வந்து சேர்ந்த பிறகுதான் பதாகை விரிப்போம், படம் எடுப்போம், சாப்பாட்டுப் பாத்திரம் திறப்போம். நீண்ட பாதைக்காரர்களை ஒன்றரை மணி நேரம் முன்கூட்டியே அனுப்பிவிடுவதால், மூன்று பாதையினரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேருகிறார்கள். இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மூன்று ஊர்களிலிருந்து வரும் சரக்கு ஒரே நாளில் கிடங்குக்கு வர வேண்டுமானால், தூரத்து வண்டியை முதலில் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான்.

காசுக் கணக்கு

நன்கொடை திரட்டும் முறையிலும் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு கிலோமீட்டருக்கு இவ்வளவு வெள்ளி என்று வாக்குறுதி வாங்குவோம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி என்றால், 42 கிலோமீட்டர் ஓட்டும் இளைஞனுக்கு 42 வெள்ளி. உயிரைக் கொடுத்து 5 கிலோமீட்டர் ஓட்டும் பாட்டிக்கு 5 வெள்ளி. பாட்டியின் உழைப்புக்கு எட்டில் ஒரு பங்குதானா விலை? இப்போது தூரத்தைப் பார்த்து வாங்குவதில்லை. ஆளைப் பார்த்து வாங்குகிறோம். "எங்க நன்னி சைக்கிள் ஓட்டப்போறாங்க, என்ன தர்றீங்க?" என்று பேரப்பிள்ளை கேட்டால் யார் இல்லை என்பார்கள்?

இந்த மாற்றத்துக்குப் பிறகு கணக்கைப் பார்த்த பொருளாளர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 5 கிலோமீட்டர்ப் பாதையில் வந்தவர்கள் திரட்டிய தொகை மற்ற இரண்டு பாதைகளையும் தாண்டியிருந்தது. முதலில் எனக்கு ஆச்சரியம். பிறகு யோசித்தால் காரணம் புரிந்தது. இளைஞனுக்கு ஐம்பது நண்பர்கள் இருப்பார்கள். ஐம்பது பேரும் அவனைப் போலவே மாணவர்கள். நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து பழகிய பெரியவருக்குக் கடைக்காரர், பழைய முதலாளி, பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி, சம்பந்தி வீடு என்று எத்தனை கதவுகள்! அந்தக் கதவுகளையெல்லாம் நாங்கள் மூன்று ஆண்டுகள் மூடி வைத்திருந்தோம்.

இங்கே பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. உண்டியலைத் தூக்கிக்கொண்டு புளோக் புளோக்காகக் கதவு தட்டக் கூடாது. வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் நிதி திரட்ட நம் நாட்டில் உரிமம் வேண்டும். உறவினர்கள், நண்பர்கள், தெரிந்தவர்கள் ஆகியோரிடம் மட்டும் கேளுங்கள். சங்கம் தரும் எண்ணிட்ட படிவத்தில் பெயரும் தொகையும் எழுதுங்கள், ரசீது கொடுங்கள்.

டி சட்டை, தண்ணீர், சாப்பாடு, டிரைஷா வாடகை ஆகிய செலவுகளைப் பதிவுக் கட்டணத்திலிருந்தும், வியாபாரிகள் நாங்கள் சிலர் கொடுப்பதிலிருந்தும் பார்த்துக்கொள்கிறோம். நன்கொடைப் படிவத்தில் வரும் ஒரு வெள்ளியும் சட்டைத் துணிக்குப் போகாது. கல்வி உதவி நிதிக்கே போகும். முதல் இரண்டு ஆண்டுகளில் அப்படி இருக்கவில்லை. பளபளப்பான சட்டையும் பதக்கமும் போட்டோம். செலவு போக மிஞ்சியதைப் பார்த்துத் தலை குனிந்தோம். இப்போது பதக்கம் இல்லை. பிள்ளைகள் வருத்தப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பதக்கங்களின் விலையில் ஒரு பிள்ளைக்கு ஒரு பருவத்துப் புத்தகம் வாங்கலாம் என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

அன்று காலையில் கவனிக்க வேண்டியவை

சில நடைமுறை விஷயங்கள். இவற்றைக் கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

சுபுஹ் தொழுதுவிட்டுக் கிளம்புகிறோம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில்தான் விடிகிறது. அதனால் நீண்ட பாதைக்காரர்கள் இருட்டிலேயே புறப்படுவார்கள். முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாத சைக்கிளைப் பாதையில் விடமாட்டோம்.

தலைக்கவசம் எல்லாருக்கும் கட்டாயம். சாலையில் ஓட்டினால் சட்டப்படி கட்டாயம்; நம் பயணத்தில் பூங்காப் பாதையிலும் கட்டாயம். கவசம் பின்னந்தலையில் தொப்பி மாதிரி தொங்கக் கூடாது. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். தலைத்துணி அணியும் சகோதரிகள் மெல்லிய துணியாக ஒரு சுற்று மட்டும் அணிந்து, அதன்மேல் கவசத்தைப் போட்டு அளவு பாருங்கள். முதல் நாளே பாருங்கள்.

நீண்ட உடை அணிபவர்கள் சங்கிலிக்கு மூடி உள்ள, குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிளாகத் தேர்ந்தெடுங்கள். பயிற்சியில் ஒரு சகோதரியின் உடை சங்கிலியில் சிக்கியது. மெதுவாகப் போனதால் சிராய்ப்போடு போயிற்று. கணுக்கால் அருகே ஒரு ரப்பர் பட்டை போட்டுக்கொண்டால் போதும்.

இருக்கை உயரத்தைச் சரிபாருங்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். ரொம்பத் தாழ்வாக வைத்து ஓட்டினால் 5 கிலோமீட்டரிலேயே முழங்கால் வலிக்கும். பிறகு சைக்கிளைக் குறை சொல்லுவீர்கள்.

பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் உச்சவேகம். நடைபாதையில் 10. இது சட்டம். நம்முடைய விதி இதைவிடக் கடுமை: நடப்பவர்கள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அவர்கள் வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, பார்த்து, நடக்கும் வேகத்தில் கடக்க வேண்டும். பயிற்சிக்காகச் சாலையில் குழுவாக ஓட்டும் தம்பிகளே, ஒரே வரிசையில் போனால் ஐந்து பேர், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர்; அதற்கு மேல் ஒரு குழுவில் இருக்கக் கூடாது. 2022ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இதுதான் விதி. சங்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு அபராதச் சீட்டு வாங்காதீர்கள்.

நீரிழிவுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சட்டைப் பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலோ தலை சுற்றினாலோ வெட்கப்படாமல் இறங்கி உட்காருங்கள். உங்களைத் தாண்டிக் கடைக்காவலர் போகமாட்டார். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும்.

காலைநேரத்திலும் இங்கே திடீரென்று காற்றும் மழையும் இடியும் வரும். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கூரையுள்ள இடத்துக்குப் போங்கள். இடி நின்று அரை மணி நேரம் ஆன பிறகுதான் மீண்டும் கிளம்புவோம். நேரமாகிவிட்டது என்று யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பிரியாணி காத்திருக்கும்.

யார் ஓட்டுகிறார்கள், யாருக்காக

கடைசியாக ஒன்று. இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது நாம் "நாம் ஓட்டுகிறோம், இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படி இரண்டு கூட்டம் நம்மிடையே இல்லை. நான் வாங்கியவன். இன்று கொடுப்பவர்கள் வரிசையில் நிற்கிறேன். நாளை என் கடைக்கோ என் உடம்புக்கோ ஏதாவது ஆனால் மீண்டும் வாங்குபவனாவேன். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலரும் அப்படித்தான். யார் யார் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியவும் வேண்டாம். நம் சங்கத்தின் கல்வி உதவிக் குழு ஐம்பது ஆண்டுகளாக ஒரு பெயரையும் வெளியே விட்டதில்லை. உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் படம் எடுக்கலாம், நன்கொடையாளர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று சென்ற ஆண்டு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்த யோசனைதான். ஆனால் அந்த மேடையில் பதினெட்டு வயதில் என்னை ஏறச் சொல்லியிருந்தால், அத்தா அந்த உறையை வாங்கியிருக்க மாட்டார். நானும் படித்திருக்க மாட்டேன். அதனால்தான் இன்று என் பெயரை நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவை வரக் கூடாது.

அதே காரணத்துக்காகத்தான், உதவி பெறும் குடும்பங்களும் இந்தப் பயணத்தில் ஓட்டுகின்றன. அதே சட்டை, அதே தண்ணீர், அதே சாப்பாடு. சைக்கிள் இல்லாதவர்களுக்குச் சங்கம் இரவல் தருகிறது. பதிவுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம்; யாரும் கேட்கமாட்டார்கள். நன்கொடைப் படிவத்தில் இரண்டு வெள்ளி எழுதி வந்தாலும் அதற்கும் ரசீது உண்டு.

பாதைகளை மூன்றாக்கிய முதல் ஆண்டில் அத்தாவை டிரைஷாவில் உட்கார வைத்து நான் மிதித்தேன். வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் தவிர வேறெங்கும் போகாமல் இருந்தவர். வழி நெடுகப் பேசவில்லை. கடலில் நின்ற கப்பல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது, "மெல்லப் போ, இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்" என்றார். என் வாழ்க்கையில் மெதுவாகப் போகச் சொல்லி அவர் கேட்டது அந்த ஒரு முறைதான். கடையில் எப்போதும் "சீக்கிரம், சீக்கிரம்" என்றுதான் விரட்டுவார். இரண்டு ஆண்டுகள் அப்படி வந்தார். இப்போது அவர் இல்லை. அந்த இருக்கை இந்த ஆண்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் வெளியே போகாமல் இருக்கும் அத்தா, அம்மா, நன்னா, நன்னி யாராவது இருந்தால் பெயர் கொடுங்கள். மிதிக்க நான் வருகிறேன்.

முதலில் சொன்ன அந்தப் பெரியவர் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். பெயரைச் சொல்லாதே என்று வாசலிலேயே கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். நான்காவது ஆண்டு வராதவர், ஐந்தாவது ஆண்டு கூடை வைத்த அதே சைக்கிளில் 5 கிலோமீட்டர்ப் பாதைக்கு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வருகிறார். அந்தப் பாதையின் கடைக்காவலர் இப்போது அவர்தான். கடைசியில் வருவது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும் என்பதால் நாங்கள் கேட்டோம், அவரும் ஒப்புக்கொண்டார்.

நமக்கு இன்னும் ஆட்கள் வேண்டும். டிரைஷா மிதிக்க நால்வர், நடுப்பாதைக்கு இரண்டு கடைக்காவலர்கள், முதலுதவி தெரிந்தவர்கள், சமையல் பக்கம் கைகொடுக்க எத்தனை பேரானாலும் சரி. சைக்கிள் ஓட்டத் தெரியாத தாய்மார்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் மகளிர் பிரிவு பயிற்சி நடத்துகிறது. நாற்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டு சென்ற ஆண்டு ஓட்டிய ஒரு ராத்தாதான் இந்த ஆண்டு சொல்லிக்கொடுக்கிறார். படிவங்கள் பின்மேசையில் இருக்கின்றன. போகும்போது உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை படிவம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்த முறை எண்ணித்தான் சமைக்கிறோம். எண்ணிக்கைக்கு மேல் ஒரு சட்டியும் வைக்கிறோம்.